சோம் தம் தட்டில் எது ஒரிஜினல்?

போன வாரம் ஆபீஸ் நண்பர்களோட ஒரு தாய்லாந்து ரெஸ்டாரண்ட்டுக்குப் போயிருந்தேன். சோம் தம் வந்தது. பச்சைப் பப்பாளியைச் சீவி, உரல்ல போட்டு இடிச்சுத் தர்ற சாலட். ஒரு வாய் வச்சதுமே ஒரு நண்பர், "இது ஒரிஜினல் இல்லப்பா, காரமே பத்தல"ன்னார். நானும் பெரிய ஆள் மாதிரி தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து படிச்சப்போதான், தலையாட்டினது தப்புன்னு புரிஞ்சது.

அந்தத் தட்டையே எடுத்துக்குவோம். பப்பாளி, தக்காளி, வேர்க்கடலை, மிளகாய். நாலுமே அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டுறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணுகூட தாய்லாந்து மண்ணில் கிடையாது. அயுத்தயா அரசு தொடங்கியதோ 1351-ல். அப்படின்னா அந்த அரசின் முதல் நூறு வருஷமும் மிளகாயே இல்லாத சமையல்தான்!

மிளகாய் எப்படி வந்தது? 1511-ல் போர்த்துக்கீசியர்கள் மலாக்காவைப் பிடிச்சாங்க. அதே வருஷம் அயுத்தயாவுக்குத் தூதரையும் அனுப்பினாங்க. அந்த வணிகப் பாதையில்தான் மிளகாயும் வந்திருக்கணும்னு வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்றாங்க.

சரி, அதுக்கு முன்னாடி காரத்துக்கு என்ன செஞ்சாங்க? பதில் அவங்க மொழியிலேயே இருக்கு. இன்னைக்குத் தாய் மொழியில் மிளகாய்க்குப் பேர் 'பிரிக்'. மிளகுக்குப் பேர் 'பிரிக் தாய்', அதாவது 'தாய் நாட்டு பிரிக்'. ஆரம்பத்துல 'பிரிக்'னாலே மிளகுதான். புதுசா வந்த மிளகாய் அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. சொந்தக்காரன் தன்னை அடையாளம் காட்ட, பின்னாடி 'தாய்'னு ஒட்டிக்க வேண்டியதாப் போச்சு. கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும்: புது வேரியபிள் பழைய பேரை எடுத்துக்கிட்டதால, பழசை நாம ரீநேம் பண்ற கதை.

தெற்குத் தாய்லாந்துல இன்னும் சுவாரசியம். அங்க மிளகாயை 'தீப்லீ'ன்னு சொல்லுவாங்க. காதுல விழுந்ததும் பிடிபடுதா? நம்ம திப்பிலிதான்! சமஸ்கிருத 'பிப்பலி'யிலிருந்து வந்த சொல். அங்கேயும் பழைய காரத்தின் பேரைப் புதுக் காரம் வாங்கிக்கிச்சு. நாம மட்டும் என்ன செஞ்சோம்? மிளகு மாதிரி காரமான காய்னு 'மிளகாய்'னு வச்சோம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வேலைதான் நடந்திருக்கு.

மிளகாய் ஏன் ஜெயிச்சது? மிளகுக்கொடி படர மரம் வேணும், காய்க்கச் சில வருஷம் ஆகும். மிளகாய் சில மாசத்திலேயே காய்க்கும், கொல்லையில் ஒரு மூலை போதும். பறவைகள் தின்னு விதையையும் பரப்பிடும். தாய்லாந்தின் புகழ்பெற்ற குட்டி மிளகாய்க்கு 'பிரிக் கீ நூ'ன்னு பேர். அர்த்தம், எலிப்புழுக்கை மிளகாய்! அரண்மனையில் வச்ச பேர் மாதிரியா இருக்கு?

ஆனா எல்லாமே மாறிடல. 1687-ல் பிரெஞ்சுத் தூதரா வந்த சிமோன் தெ லா லூபேர், சியாம் மக்களின் சோறு, மீன் சாப்பாட்டைப் பற்றி எழுதினார். 'கபி'ங்கிற, உப்புப் போட்டு நொதிக்கவச்ச இறால் விழுதையும் குறிப்பிடுறார். இன்னைக்கும் அந்தக் கபி இல்லாம அங்க பல குழம்புகள் கிடையாது. அடித்தளம் பழசு, அதுமேல ஏறின காரம் புதுசு.

பழைய காரமும் ஒரு சட்டியில் உயிரோட இருக்கு. பேரு 'கேங் லியாங்'. மிளகு, சின்ன வெங்காயம், கபி மூணையும் இடிச்சுக் கரைச்சு, காய்கறி போட்டுக் கொதிக்கவைக்கிற குழம்பு. பிள்ளை பெத்த தாய்மார்களுக்குப் பால் சுரக்கட்டும்னு கொடுப்பாங்க. நம்ம வீட்டுப் பத்தியச் சாப்பாட்டிலும் மிளகாயை ஒதுக்கிட்டு மிளகைத்தானே தேடுறோம்?

அதனால 'ஒரிஜினல்' சண்டையில் இனி நான் தலையாட்டப் போறதில்லை. சோம் தம் ஒரிஜினல் தாய் சாப்பாடுதான். வெளியிலிருந்து வந்த நாலு பொருளை உரலில் போட்டு, மீன் சாஸும் எலுமிச்சையும் பனைவெல்லமும் சேர்த்து, தன் ருசிக்கு இடிச்சுக்கிட்டாங்களே, அந்த இடிதான் ஒரிஜினல்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், ரசத்துல மிளகு தட்டுப்பட்டா ஓரமா ஒதுக்காதீங்க!