அழுக்கு நீர் வெளியேறிய வழி

அழுக்கு நீரை வெளியேற்றுவது சலவை இயந்திரத்தின் தொடக்கம் முதலே பெரும் சிக்கலாக இருந்துவந்துள்ளது. 1767-இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில் யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் தம் சலவை இயந்திர வடிவமைப்பை வெளியிட்டார். கையால் இயக்கிய அக்காலத் தொட்டிகளில் நீரை வாளியால் மொண்டோ அடைப்பைப் பிடுங்கியோ வெளியேற்றினர். பிற்காலத்தில், துணியில் தங்கிய நீரை இரு உருளைகளுக்கிடையே விட்டுப் பிழிந்தனர்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்மோட்டார் வந்தது. துவைக்கும் உழைப்பு குறைந்தது. ஆனால் நீரை இறக்கும் வேலை பெரும்பாலும் மனிதரிடமே இருந்தது. 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய தானியங்கி இயந்திரத்தில் துவைத்தல், அலசுதல், பிழிதல் மூன்றும் ஒரே டிரம்மில் நடந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே நீர் முழுதும் வெளியேறியாக வேண்டும் என்பதால், வடிகால் அடைத்தால் சலவையே நின்றுபோகும் நிலை உருவானது.

நீரைத் தானாக இறங்கவிடுவது, பம்பால் தள்ளுவது என இரு வழிகள் இன்று உள்ளன. இந்தியாவில் பரவலான செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் நீர் பொதுவாகத் தன் எடையாலேயே இறங்குகிறது. ஹோஸ் தரையில் தாழ்ந்து கிடக்காவிட்டால் தொட்டியில் தேங்கும். முன்புறம் திறக்கும் இயந்திரத்தில் அடியிலுள்ள பம்ப் நீரை மேலேற்றித் தள்ளுகிறது. நாணயம், பொத்தான், நூல்பிசிறு ஆகியவை பம்பைச் சேராதபடி பல மாடல்களில் ஃபில்டர் உண்டு. ஆகவே நீர் இறங்காதபோது, மின்இணைப்பைத் துண்டித்து, ஹோஸின் மடிப்பு, ஃபில்டரின் அடைப்பு, பம்பின் சுழல்தகடு என்ற வரிசையில் பார்ப்பது வழக்கம்.