மாமாவின் மாருதியும் புதுப்பேட்டை காலிபரும்

மாமாவின் மாருதி 800, 1994ஆம் வருட வண்டி. மயிலாப்பூரில், உப்புக் காற்று தாராளமாக அடிக்கும் தெருவில் நிற்கிறது. போன மழைக்காலத்தில் பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், வலது முன்சக்கரத்துக் காலிபரில் பிஸ்டன் துருவேறி இறுகிப் போயிருந்தது. இடது மட்டும் பிடிக்கிறது, வலது சும்மா சுற்றுகிறது. "புதுப்பேட்டையில ஒரு ஜோடி வாங்கி மாட்டிடலாம்" என்றார் மெக்கானிக். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்தக் கட்டுரை.

காலிபர் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: சைக்கிள் பிரேக்கில் இரண்டு ரப்பர் கட்டை ரிம்மை இரு பக்கமும் கவ்வும் அல்லவா? அதே வேலைதான். இங்கே ரிம்முக்குப் பதில் ஒரு இரும்புத் தட்டு, ரப்பர் கட்டைக்குப் பதில் பேட். கவ்வுகிற அந்த இடுக்கிதான் காலிபர். பழைய டிரம் பிரேக்கில் ஷூ உள்ளிருந்து வெளியே விரிந்து உரசும். சூடு உள்ளேயே அடைபடும், தண்ணீர் புகுந்தாலும் பிடிக்காது. மழை நாளில் தி.நகர் துரைசாமி சப்வே தண்ணீரில் இறங்கி ஏறிய அம்பாசடர்காரர்கள், பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் போய்க் காயவைத்தது அதனால்தான்.

இந்த இடுக்கி யோசனை ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் உலகம் கவனித்தது 1953ல், டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் லெ மான் பந்தயத்தை ஜெயித்தபோது. 1955ல் சிட்ரோன் டிஎஸ் அதைச் சாதாரணச் சாலைக்குக் கொண்டு வந்தது.

சென்னைக்கு? இங்கேதான் வேடிக்கை. பாடியில் டி.வி.எஸ். குடும்பமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 'பிரேக்ஸ் இந்தியா'வை ஆரம்பித்தது 1962ல். கிட்டத்தட்ட அதே சமயத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்ட் 12/50க்கு முன்சக்கரத்தில் டிஸ்க். அந்த ஹெரால்டின் உடன்பிறப்பைத்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி நம்மூர் வண்டலூர் பக்கம் தயாரித்தது. ஆனால் நான் இங்கே பார்த்த ஹெரால்டுகள் எல்லாமே டிரம்தான். அம்பாசடரும் பத்மினியும் அப்படியே. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் காருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், பிரேக் என்ன வகை என்றா கேட்டிருப்பார்கள்?

1985ல் அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி, ரோவர் உடம்போடு 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு காரை விட்டது. அதில் முன்னால் டிஸ்க் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. 1988ல் உற்பத்தியே நின்றுபோனது. நடுத்தர வர்க்கத்து வாசலுக்குக் காலிபரைக் கொண்டு வந்தது, 1986ல் புது உருவம் எடுத்த மாருதி 800தான் என்பது என் கட்சி. சென்னையில் அதன் விற்பனை 2010ல் நின்றது, தயாரிப்பு 2014ல். எனவே இனி இடம் தேட வேண்டியது புதுப்பேட்டையில்.

அங்கே மலை மாதிரிக் குவிந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருஷத்தை மட்டும் சொன்னால் போதாது. முப்பது வருஷ வண்டியில் யார் எதை மாற்றினார்களோ! கழற்றிய பழசைக் கையோடு கொண்டு போய், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வார்ப்பில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். பிஸ்டன் ஒன்றா, எதிரெதிராக இரண்டா? அதன் விட்டம் வெர்னியரில் எவ்வளவு? இரண்டு போல்ட் துளைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? ஹோஸ் ஏறும் மரை எந்த வகை? கடைசிக் கேள்வி பிரிட்டிஷ் வண்டிக்காரர்களுக்கு உயிர்க் கேள்வி. 3/8 இஞ்ச் மரை 9.5 மி.மீ. சொச்சம், மெட்ரிக் மரை 10 மி.மீ. இஞ்ச் முனையை மெட்ரிக் துளையில் திருகினால் ஏறின மாதிரியே இருக்கும். அழுத்திப் பிரேக் போடும் அன்று பிடுங்கிக்கொண்டு வரும்.

எங்களுக்கு அளவெல்லாம் பொருந்தியது. ரப்பர் சீல் மட்டும் புதிதாக வாங்கினோம் (அதைப் பழசில் வாங்குவது தற்கொலை). அந்தச் சீல்தான் பிரேக்கை விட்டதும் பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுக்கிறது. பெட்ரோலில் கழுவினால் ஊதிப்போகும்.

மாட்டி, காற்றெடுத்து, மாமா கச்சேரி ரோடு வரை போனார். லஸ் முனையில் சிக்னல் விழ, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போயிருக்கிறது. நல்லவேளை, ஊர்ந்து போகும் நெரிசல். கை பிரேக்கை இழுத்து நிறுத்தினார்.

மெக்கானிக் மறுபடி நான்கு தடவை காற்றெடுத்தார். பெடல் மாறவில்லை. பிறகு நான்தான் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றெடுக்கும் நிப்பிள் இரண்டு பக்கமும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலே அல்லவா நிற்கும்? இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார். துளை ஒன்றே என்பதால் போல்ட் ஏறிவிட்டது.

மாற்றி மாட்டி நிப்பிளைத் திறந்ததும் குமிழ் குமிழாக வந்தது. பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. மெக்கானிக் கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். மாமா அதையும் அவர் பையிலேயே திணித்துவிட்டு, சாந்தோம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தார்.