மாத்தளையில் இலையான் சொல்லாத ஆண்டு

இறந்த உடலை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுகொள்வது இலையான். (தமிழகத்து வாசகர்கள் ஈ என்று கொள்க.) அது முட்டையிட்ட பொழுதிலிருந்து மரணத்தின் நாட்களை எண்ணலாம். 1935இல் ஸ்கொட்லாந்தின் மொஃபட் அருகே கிடைத்த இரு பெண்களின் உடற்பாகங்களில் இருந்த புழுக்களின் வயதை கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் கணித்தார். பம்பாயில் பிறந்த மருத்துவர் பக் ரக்ஸ்டனைத் தூக்குமேடைக்கு அனுப்பிய வழக்கு அது.

இக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பாலைவனத்தில் உடல் விரைந்து உலர்ந்துவிடுவதால் புழுக்கள் ஒதுங்க, காய்ந்த தோலைத் தின்னும் வண்டுகள் வந்து சேர்கின்றன. மலையகத்திலோ குளிர் குறுக்கிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. அங்கே தேயிலைச் செடிகளிடையே கிடக்கும் உடலில், தாழ்வான மாத்தளையைவிடப் புழுக்கள் மிக மெதுவாகவே வளரும். கொழும்பின் கணக்கை ஹற்றனுக்குப் பொருத்தினால் நாள் பிழைக்கும்.

மாத்தளையில் பிழைத்தது நாளன்று, பல்லாண்டுகள். 2012 நவம்பரில் அங்குள்ள வைத்தியசாலை வளாகத்தில் நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். இவர்கள் எப்போது இறந்தனர் என்பதிலேதான் வழக்கு முழுவதும் தங்கியிருந்தது. 1940களின் கொள்ளைநோயில் இறந்தவர்களாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ, 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்றார், ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டுகள் அவை. 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கரிமச் சோதனையோ 1950க்கு முற்பட்டது என்றது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய குடும்பங்கள் இதனை ஏற்கவில்லை.

இத்தனை காலம் கழிந்தபின் இலையானால் ஆண்டைச் சொல்ல இயலாது. எனினும் புழு கூடுகட்டி விட்டுச்சென்ற வெற்று உறைகள் நெடுங்காலம் அழியாதவை. எகிப்திய மம்மிகளிலும் அவை கிடைத்துள்ளன. ஆழப் புதைத்த உடலைப் பெரிய இலையான்கள் எட்டுவதரிது. ஆகவே அவற்றின் உறைகள் எலும்போடு கிடந்தால், புதைக்குமுன் அவ்வுடல் திறந்த வெளியில் கிடந்தது என்று ஐயுற இடமுண்டு. கொள்ளைநோயில் இறந்து உடனே அடக்கம் செய்யப்பட்டவரையும், கொன்று போடப்பட்டுப் பின்னர் மண்ணிடப்பட்டவரையும் வேறுபடுத்த இது உதவக்கூடும். அரிசிமணி அளவே உள்ள அவ்வுறைகளை, மண்ணைச் சலிக்காமல் எலும்பை மட்டும் பொறுக்குவோர் காணமாட்டார்.

இதே சோமதேவ 2018இல் மன்னாரிலும் 2025இல் செம்மணியிலும் புதைகுழி அகழ்வில் ஈடுபட்டார். மன்னாரிலும் கரிமச் சோதனை முடிவே சர்ச்சைக்குள்ளானது.