லெக்சிங்டன் கணக்கும் வியட்நாம் கணக்கும்

ஹெராயினுக்கு அடிமையான ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார். தேறுவாரா, மாட்டாரா? 1960-களில் அமெரிக்காவில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது: பத்தில் ஒன்பது பேர் திரும்பவும் விழுந்துவிடுவார்கள்.

அந்தப் பதில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனிலிருந்து வந்தது. 1935-ல் அரசு அங்கே போதை அடிமைகளுக்கென ஒரு மருத்துவமனை திறந்தது. பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில், கூடவே ஒரு பண்ணை. கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அங்கிருந்து நியூயார்க் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1962-ல் வெளியானது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி அடிமையாகியிருந்தார்கள். அதுவும் பெரும்பாலானோர் ஆறே மாதத்தில்.

1971-ல் அதே பயம் வியட்நாம் பக்கம் திரும்பியது. அங்கே ஹெராயின் மலிவு, கலப்படமும் குறைவு. சிப்பாய்கள் அதைச் சிகரெட்டில் வைத்துப் புகைத்தார்கள். இத்தனை பேரும் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? அதிபர் நிக்சன், ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் அமர்த்தினார். சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் விமானம் ஏறலாம் என்றானது. திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கும் வேலை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரிடம் வந்தது.

1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து அவர் பேட்டி எடுத்தார். ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாக இருந்திருக்கிறார். ஆனால் அப்படி இருந்தவர்களில், ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று வருடக் கணக்கில், கொஞ்ச காலமே அடிமையாகி மீண்டவர்களைச் சேர்த்தாலும் 12 சதவீதம். இத்தனைக்கும் ஊர் வந்தபின் கிட்டத்தட்ட பாதிப்பேர் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருந்தார்கள். பெரும்பாலோர் சிகிச்சைப் பக்கமே போகவில்லை. ராபின்ஸ் சொன்னதைப் பலர் நம்ப மறுத்தார்கள்.

'இடம் மாறினால் போதை போய்விடும்' என்று இன்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். இடத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் ராபின்ஸ் காட்டிய இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. ஊர் வந்தபிறகும் விட முடியாமல் சிகிச்சைக்கு வந்த சிலர் இருந்தார்கள் இல்லையா? அவர்களும் மற்ற நோயாளிகளைப் போலவே அதிக அளவில் திரும்ப விழுந்தார்கள்.

ஆக, இரண்டு கணக்கும் சரி. தானாக விட முடிந்தவன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வருவதில்லை. லெக்சிங்டன் பார்த்ததெல்லாம் விட முடியாமல் போனவர்களை. அவர்களை வைத்துப் போட்ட கணக்கை, ஹெராயின் தொட்ட அத்தனை பேர் நெற்றியிலும் ஒட்டிவிட்டார்கள்.

இப்போதும் யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல சூத்திரங்கள் வருகின்றன, கணினி உதவியோடு. அப்படி ஒன்றைப் பார்த்தால், எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், யாரை எண்ணி இதைச் செய்தார்கள், யார் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை என்று கேளுங்கள்.