லண்டன் மாநகரத்து அச்சு வீதி

ஒரே தொழிலைச் செய்வோர் ஒரே வீதியில் நெருங்கியிருப்பின் போட்டி மிகும், ஆதாயம் குன்றும் என்று கருதுவோர் நம்மிற் பலர். சரித்திரம் இதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. லண்டன் மாநகரத்துப் பிளீட் வீதியின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது.

இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை வில்லியம் காக்ஸ்டன் என்பார் 1476-ம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். அஃது அரசவைக்கு அணித்தான இடம். அவருக்குப்பின் அதனை ஏற்று நடத்திய விங்கின் டி வோர்ட், 1500-ம் ஆண்டையொட்டிப் பிளீட் வீதிக்குக் குடிபெயர்ந்தார். காரணம் யாதெனில், சட்டம் பயில்வோரின் கழகங்களும் கற்ற பாதிரிமாரின் இல்லங்களும் அவ்வீதியை அடுத்தே இருந்தன. படிப்போரை நாடி அச்சு சென்றது. ரிச்சர்டு பின்ஸன் என்னும் மற்றோர் அச்சாளரும் அங்கு வந்து சேர்ந்தார். காலப்போக்கில் எழுத்துக் கோப்போரும், புத்தகங் கட்டுவோரும், காகிதம் விற்போரும் அப்பகுதியில் மலிந்தனர். ஒருவரிடம் தொழில் பயின்றவர் அண்டையிலேயே தனிக்கடை வைத்தலும் எளிதாயிற்று.

1557-ல் ஸ்டேஷனர்ஸ் சங்கம் அரச சாசனம் பெற்று, அச்சுத் தொழிலைப் பெரும்பாலும் தன் அங்கத்தினர்க்கே உரித்தாக்கிக்கொண்டது. இஃது உள்ளிருந்தோர்க்குக் காப்பு, வெளியிலிருந்தோர்க்கோ பெருந்தடை. 1695-ல் அச்சு அநுமதிச் சட்டம் காலாவதியாகவே, தடை தளர்ந்தது. 1702-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி இங்கிலாந்தின் முதல் ஆங்கில நாளிதழாகிய 'டெய்லி கூரன்ட்' பிளீட் பாலத்தருகே வெளிவந்தது.

போட்டியாளர் கூட்டாளராதலும் அண்மையின் பயனே. 1746-ல் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி, 1,575 பவுன் தருவதாகச் சாமுவேல் ஜான்ஸனுடன் ஓர் அகராதிக்கு ஒப்பந்தம் செய்தனர். ஒருவர் தனித்துத் தாங்கவொண்ணாத செலவைப் பலர் பகிர்ந்தனர். ஜான்ஸன் அவ்வீதியின் ஒரு சந்திலே, கஃப் சதுக்கத்தில், உதவியாளர் அறுவருடன் உழைத்தார். 1755-ல் அகராதி வெளியாயிற்று.

தீயும் இக்கூட்டத்தைக் கலைக்கவில்லை. 1666-ம் ஆண்டுப் பெருந்தீயில், செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் வைத்திருந்த புத்தகங்கள் சாம்பராயின. எனினும் வியாபாரிகள் மீண்டும் அவ்விடமே வந்தனர். வாங்குவோரும் தொழிலாளரும் அங்கிருந்தனரன்றோ?

ஆனால் 1986-ல் கணிப்பொறியால் எழுத்துக் கோக்கும் முறை வந்தவிடத்து, பெரும் பத்திரிகை நிறுவனமொன்று தன் அச்சகத்தை வாப்பிங் என்னுமிடத்திற்கு மாற்றிற்று. ஐயாயிரத்திற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். பிற பத்திரிகைகளும் ஒவ்வொன்றாய் அகன்றன. 2005-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனமும் நீங்கிற்று.

தீயால் அழியாத வீதி, கூடியிருத்தற்குரிய காரணம் நீங்கியதும் கலைந்தது. ஆதலின், தொழில் வளர்க்க விழைவோர் கட்டடத்திற்கு முன்னர்க் காரணத்தைத் தேடுவாராக. கற்போரும், கற்பிப்போரும், வாங்குவோரும் அருகருகே வாழுமிடமே தொழிலின் விளைநிலம். புதிய முறை வருங்கால் அதனைத் தொழிலாளரும் உடன் பயிலச் செய்தல் முதலாளிகளின் கடமை. அக்கடமை தவறுமிடத்து, ஐந்நூறாண்டுத் திறமையும் ஓரிரவிற் பயனற்றதாகும் என்பதை அறிஞர் சிந்திப்பாராக.