ஓட்டுநர்-உரிமையாளர் (சரக்கு லாரி)

தன் பெயரில் பதிவான சரக்கு லாரியைத் தானே ஓட்டி, பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றிப் பிழைப்பவர் ஓட்டுநர்-உரிமையாளர். தமிழ்நாட்டு லாரித் தொழிலில் இவரை ‘ஓனர் கம் டிரைவர்’ என்பர். இவர் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் அல்லர். ஷெட்டில் வரிசையாக வண்டி நிறுத்தியிருக்கும் முதலாளியும் அல்லர். இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களில் அடித்தட்டு இந்த ஒற்றை வண்டிக்காரர். இன்று பணம் இருந்தால் வண்டி வாங்கி ஓட்டலாம். 1989க்கு முன் பணம் மட்டும் போதாது, பர்மிட் வேண்டும்.

பர்மிட் வரலாறு

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ரயில்வேயைக் காப்பதற்காக எழுதப்பட்டது. சாலை வண்டிகள் ரயிலின் வருவாயைக் கரைப்பதாகக் கவலைப்பட்ட ஆங்கில அரசு, 1930களின் தொடக்கத்தில் மிட்செல்-கர்க்னஸ் குழுவைக் கொண்டு ஆராய்ந்தது. அந்தக் கவலையின் பலனே இச்சட்டம். சரக்கு வண்டிகளை அது பப்ளிக் கேரியர், பிரைவேட் கேரியர் என இரண்டாகப் பிரித்தது. தன் சொந்தச் சரக்கை ஏற்றுபவருக்குப் பின்னது. கூலிக்கு ஏற்றுபவருக்கு முன்னது. பழைய லாரிகளின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதியிருந்தது இதனால்தான்.

பர்மிட்டை வழங்கியது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அது அந்த வட்டாரத்துக்கு மட்டுமே செல்லும். எல்லை தாண்ட வேண்டுமானால் அடுத்த வட்டாரத்தின் அல்லது மாநிலத்தின் மேலொப்பம் பெற வேண்டும். புதிய பர்மிட் தேவையா என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆட்சேபம் சொல்லவும் இடம் இருந்தது. விடுதலைக்குப் பின் சென்னை, ஆந்திரம், கேரளம், மைசூர் மாநிலங்களை இணைத்துத் தென் மண்டலப் பர்மிட் வந்தது. நாடு முழுதும் செல்லும் நேஷனல் பர்மிட் 1975இல் அறிமுகமானது. ஆனால் மாநிலத்துக்கு இத்தனை என்று வரம்பு வைத்தே அது கொடுக்கப்பட்டது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: பர்மிட்டுக்கென்று தனி விலை உண்டாயிற்று. ஒருவர் பெயரில் பர்மிட், வேறொருவர் பணத்தில் வண்டி என்ற ஏற்பாடுகள் பெருகின. டிரைவராக இருந்து உரிமையாளரானவர்களை அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பர்மிட் கேட்டு வரும் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. ஓட்டுநர்-உரிமையாளர் என்ற பிரிவு தமிழ்நாட்டில் பெருக இந்த ஒரு வரி வழி செய்தது. மாநிலம் மாநிலமாகக் கட்டணம் கட்டும் முறை 2010 மே மாதம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரே தொகை கட்டும் முறை வந்தது. முதலில் 15,000 ரூபாயாக இருந்த அத்தொகை பின்னர் 16,500 ஆயிற்று. வண்டியின் வயதுக்கு மட்டும் வரம்பு உண்டு. சாதாரண லாரிக்கு 12 ஆண்டும் மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 ஆண்டும் கடந்துவிட்டால் நேஷனல் பர்மிட் கிடையாது. பழைய வண்டிகளின் சந்தை விலை இந்த வயதுகளை ஒட்டியே சரிகிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. 2005இல் வந்த டாடா ஏஸ், ‘குட்டி யானை’யாகப் பலருடைய முதல் சொந்த வண்டியாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமக்கல் வட்டாரம்

தமிழ்நாட்டில் இப்பிரிவினர் அடர்ந்திருப்பது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில். வானம் பார்த்த மண்ணில் வெள்ளாமை கைகொடுக்காததால் மக்கள் லாரிக்கு வந்தார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் சமையல் எரிவாயு டேங்கர்களும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பெருகின. சங்ககிரிக்கு சிமென்ட் ஆலை லோடு கொடுத்தது.

கடன் சென்னையிலிருந்து வந்தது. டி. எஸ். சந்தானம் 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் வண்டிக் கடனை ஒழுங்கான தொழிலாக்கியது. ஆர். தியாகராஜன் குழுவினர் 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் திரும்பிப் பார்க்காத டிரைவருக்கும் பழைய லாரிக்கும் கடன் கொடுத்தது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பின் சிறு போக்குவரத்துத் தொழிலும் முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்ந்தது உண்மையே. இருந்தும் ஈடு காட்ட முடியாத டிரைவர், ஃபைனான்ஸ்காரரைத்தான் தேடிப் போனார்.

ஆயத்தம்

கிளீனர், டிரைவர், உரிமையாளர் என்பது பழைய ஏணி. அதன் முதல் படி இப்போது பெரும்பாலும் இல்லை. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018 நவம்பரில் நீங்கிவிட்டது. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கனரக உரிமம் பெறுவதற்கு முன் இலகுரக உரிமம் ஓராண்டாவது கையில் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தகுதி 2019 திருத்தத்துக்குப் பின் கேட்கப்படுவதில்லை.

முதல் வண்டி பழையதாக இருப்பதே நல்லது. ட்யூ (மாதத் தவணை) குறைவு, வேலை கற்றுக்கொள்ளும்போது படும் கீறல்களின் விலையும் குறைவு. பழைய வண்டி வாங்குபவர் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கடன் நீக்கத்துக்கான 35ஆம் படிவமும் தேவை. பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். சாலை வரி பாக்கி, நிலுவையிலுள்ள இ-சலான், எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியும் தேதி ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். வண்டி எட்டு வயதைக் கடந்துவிட்டால் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

காப்பீட்டில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சம்பள டிரைவர் வேலையில் இறந்தால், சட்டப்படி அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. அதே மனிதர் வண்டிக்கு உரிமையாளராகி, தன் தவறால் விபத்தில் இறந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தன் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலும் அவருக்கு இடமில்லை. எஞ்சுவது உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. அது பலன் தர ஆர்.சி.யில் அவர் பெயரும், கையில் செல்லுபடியாகும் உரிமமும் இருக்க வேண்டும். பழைய முதலாளி பெயரிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தம் குடும்பத்தை எதுவுமில்லாமல் விட்டுச் செல்லும் அபாயத்தில் இருக்கிறார்கள்.

வரவு செலவு

லோடேற்றிய பத்துச் சக்கர லாரி லிட்டருக்கு 3 முதல் 4 கி.மீ. கொடுக்கும். சேலத்திலிருந்து மும்பை ஏறத்தாழ 1,200 கி.மீ.; அதற்கே 300 முதல் 400 லிட்டர் டீசல் வேண்டும். அதற்கு மேல் டோல், படி, ஏற்று இறக்குக் கூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன். டயர் தேய்மானத்தையும் அடுத்த எஃப்.சி. செலவையும் டிரிப் கணக்கில் ஏற்றாதவருக்கு ஒவ்வொரு டிரிப்பும் லாபம்போலத் தெரியும். வாடகையில் ஒரு பகுதி அட்வான்சாக வரும். மீதி, சரக்கு இறக்கிக் கையெழுத்து வாங்கிய ரசீது திரும்பிய பிறகுதான். ரிட்டர்ன் லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாள்களில் ட்யூ காத்திருக்காது. ஆகவே மூன்று மாத ட்யூவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வண்டி எடுப்பது விவேகமல்ல. இடைத்தரகர் வழியாகவே லோடு பிடிப்பவர் அவர் சொல்லும் வாடகைக்கு ஓட வேண்டியிருக்கும். டிரைவராக இருக்கும்போதே ஆலைகளின் லோடிங் மேஸ்திரிகளையும் இறக்குமிடத்து வியாபாரிகளையும் பழகி வைத்துக்கொண்டவர் தப்பிக்கிறார்.

பத்து வண்டி வரை வைத்திருப்பவர்களுக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு கணக்குப் புத்தகம் இல்லாமலே வருமானத்தை மதிப்பிட வழி செய்தது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது கணக்கு, 28.5 டன் வண்டிக்கு மாதம் 28,500 ரூபாய். வண்டி பட்டறையில் கிடந்த மாதத்துக்கும் அதே கணக்குத்தான்.

இன்றைய நிலை

ஜி.எஸ்.டி. வந்தபின் 2017இல் மாநில வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. மாநிலங்களுக்கிடையே இ-வே பில் 2018 ஏப்ரலிலும், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலும் கட்டாயமாயின. 2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பு உயர்ந்து, பத்துச் சக்கர வண்டியின் அனுமதி எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம்.