திரும்பி வந்த தட்டு

மாத்தளையில் எங்கட வீட்டில் ஒரு வழக்கம்: அயல் வீட்டிலிருந்து வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஏப்ரலில் சிங்களப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி பலகாரம் அனுப்புவா. நோன்புப் பெருநாளன்று அதே தட்டில் உம்மா வட்டிலப்பம் வைத்து அனுப்புவா. அது அவங்கட, இது எங்கட என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வரலாற்றைப் படிக்கப் போனபோது கணக்கு வேறாக இருந்தது.

ஆச்சியின் தட்டை முதலில் பார்ப்போம். கொக்கிஸ் என்பது ஒல்லாந்தர் சொல்லிலிருந்து வந்த பெயர். அலுவாவுக்குள் அறபியின் ஹல்வா இருக்கிறது. தொதல் மலாயரின் 'தொடோல்'. தட்டில் பாதி கடல் கடந்து வந்தது.

உம்மாவின் தட்டு மட்டும் என்னவாம்? வட்டிலப்பம் மலாயரால் வந்தது என்பது பரவலான கருத்து. ஒல்லாந்தர் அவர்களைப் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் இங்கு கொண்டு வந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ப் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்ட பின், பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குப் போனார்கள். மலாக்காவில் ஒருமுறை ஸ்ரீகாயா சாப்பிட்டேன். முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம். வாயில் வைத்ததும் உம்மாவின் குசினி ஞாபகம் வந்தது. ஆனால் வட்டில், அப்பம் என்று பெயர் தமிழாக ஒலிக்கிறது. காயல்பட்டினத்திலும் இதே பெயரில் ஆக்குகிறார்கள். ஆகவே ஒரே வழியால் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

எங்கட வட்டிலப்பத்தின் உயிர் கித்துள் கருப்பட்டி. அது மலையடிக் கிராமங்களில் சிங்களவர் பாளை சீவிக் காய்ச்சுவது. சாதிக்காயோ பந்தா தீவுகளில் பிறந்து இன்று மாத்தளைத் தோட்டங்களில் காய்க்கிறது.

எதிர்த் திசையிலும் கொடுக்கல் இருந்தது. கண்டி இராச்சியத்தின் மடிகே பகுதியில் சேவை செய்த முஸ்லிம்கள், தவளம் மாடுகளில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றினார்கள். பாக்கையும் மிளகையும் கீழே இறக்கினார்கள். மலைநாட்டுக் கறியில் விழுந்த உப்பில் நம் மூத்தவர்களின் நடையும் இருந்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு இலகுவாக அறுந்துவிடும் என்பதையும் கண்டோம். 2018 இல் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. 2019 இல் ஆச்சியின் தட்டு வந்து ஒரு வாரத்தில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. நோன்பு மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் கம்பஹாவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர்.

தட்டு எங்கட குசினியிலேயே கிடந்தது. பெருநாளன்று, "அனுப்பினா எடுப்பாங்களா உம்மா?" என்று கேட்டேன்.

"எடுக்கிறதும் விடுறதும் அவங்கட பாடு. தட்ட வெறுமையா வெச்சிருந்தா அது நம்மட குத்தம்."

நான்தான் கொண்டு போனேன். ஆச்சி வாசலில் வைத்தே மூடியைத் திறந்து, விரலால் ஒரு துண்டு எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டா. "இந்தமுறை இனிப்புக் கொஞ்சம் குறைவு" என்றா. அவ்வளவுதான்.

கல்வெட்டுக்கும் காணி உறுதிக்கும் அலைகிற நாம் குசினிகளையும் பதிந்து வைக்க வேண்டும். உம்மாமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: என்ன போட்டீர்கள், எங்கிருந்து வந்தது, யாருக்கு அனுப்பினீர்கள். மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம்.